பௌர்ணமிக் கடலும் மச்சாளின் முழங்காலும்

என் மச்சாள் கனகாம்பிகையை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம். பாசம் அதற்குப் பிறகு ஆறுதலாக வரும். என் அண்ணை இராஜேந்திரனைக் கட்டி அவர் லண்டனுக்கு வந்து முப்பது வருஷத்துக்குக் கிட்ட. ரெய்னர்ஸ் லேனில் எதிரெதிர் வீடுகளில் இருக்கிறோம். பார்க் ரோயலில், சுப்பர் மார்க்கெற்றுகளுக்குச் சுஷிப் பெட்டி அடைக்கிற ஒரு பெரிய சமையற்கூடத்தில் ஒரே லைனில் நிற்கிறோம். ஆகையால் கோபப்படுவதற்கு எனக்கு வாரம் முழுக்க வசதி.

மச்சாளிடம் பொறாமை இல்லை, வாய்க்கொழுப்பு இல்லை. உள்ள ஒரே வியாதி, மற்றவர் மனம் நோகக் கூடாது என்று பொய் சொல்வது. நாக்கு வறண்டு போயிருக்கும். தேத்தண்ணி போடவா என்று கேட்டால் இப்போதுதான் குடித்தேன் என்பார். பல் வைத்தியர் வாய்க்குள் குடைந்துகொண்டே நோகிறதா என்று கேட்க, கண்ணால் நீர் வழிய வழிய இல்லை என்று தலையாட்டினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு மார்கழியில், கோவில் வாசலில் நடுங்கிக்கொண்டு நின்ற ஒருத்திக்குத் தன் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, எனக்கு வேர்க்கிறது என்றார். பிறகு ஒரு கிழமை காய்ச்சல். கசாயம் வைத்துக் கொடுத்தவள் நான்.

எங்கள் லைனுக்கு மேற்பார்வை யோஷிகோ. அறுபதைத் தாண்டிய ஜப்பான்காரப் பெண், கட்டையான உருவம். ஓர் இங்கிலீசுக்காரரைக் கட்டி இங்கே வந்தவர். அவர் செத்த பிறகு அக்டனில் தனியே இருந்தார். அவருக்கும் மச்சாளுக்கும் இடையில் ஓர் இங்கிலீசு உண்டு. அதில் வினைச்சொல் குறைவு, கைச்சாடை அதிகம். இடைவேளையில் யோஷிகோவின் சோற்று உருண்டையில் பாதி மச்சாளுக்கு, மச்சாளின் இடியப்பத்தில் பாதி யோஷிகோவுக்கு. அண்ணையோடு ஒரு கிழமைக்குப் பேசுவதை மச்சாள் அந்த அரை மணித்தியாலத்தில் பேசிவிடுவார். இந்த நாட்டில் அவர் தானாகத் தேடிக்கொண்ட ஒரே சிநேகிதி யோஷிகோ. என்னைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், நான் உறவு.

இனி மட்டிக் கதைக்கு வருகிறேன். ஜப்பானில் வசந்த காலம் வந்தால், கடல் நன்றாக வற்றுகிற நாள் பார்த்துக் குடும்பம் குடும்பமாகக் கரைக்குப் போய், சேற்றுக்குள் புதைந்திருக்கிற மட்டிச் சிப்பி கிண்டுவார்களாம். தொப்பி போட்டு, காற்சட்டையை மடித்துவிட்டு, கையில் சின்ன இரும்பு வாரியோடு பெரியவர் சிறியவர் எல்லோரும் சேற்றில் குந்தியிருந்து கிண்டுவார்களாம். யோஷிகோ லண்டனுக்கு வந்தும் அதை விடவில்லை. தேம்ஸ் ஆறு கடலோடு சேர்கிற எசெக்ஸ் பக்கத்தில் ஓர் இடம் பிடித்துவைத்திருந்தார். ஒவ்வொரு வசந்தத்திலும் ஒரு நாள் லீவு எடுத்து, சமையற்கூடத்தில் விரும்பியவர்களைத் தன் பழைய வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்.

மச்சாளை முதல் முறை கூப்பிட்டபோது எந்த நாள் வசதி என்று யோஷிகோ கேட்டார். கேட்டாரே, அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. கேட்டபோது மச்சாள் சொன்ன பதில், உங்களுக்கு எந்த நாள் சரியோ அந்த நாள் எனக்கும் சரி. யோஷிகோவுக்கு ஒரே கணக்குத்தான். ஏப்ரல் நடுவுக்கும் மே நடுவுக்கும் இடையில் வருகிற பௌர்ணமி. நிலவு முழுசானால் கடல் தூரம் போகும், ஞாபகம் வைக்கவும் சுலபம் என்பார். நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அந்தப் பௌர்ணமி எது என்று. சித்திராப் பௌர்ணமி. தாயை இழந்தவர்கள் விரதம் இருக்கிற நாள்.

மச்சாளின் தாய் வன்னியில் இறந்தபோது இவருக்கு இங்கே விசா சரிவரவில்லை. போக முடியவில்லை, முகம் பார்க்கவில்லை, செத்த செய்தியே மூன்றாம் நாள்தான் வந்தது. அன்றையிலிருந்து வருஷத்தில் அந்த ஒரு நாளை மட்டும் அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ஆர்ச்வேயில் முருகன் கோவிலுக்குப் போய், சித்திரைக் கஞ்சி குடித்து, ஒரு நேரச் சாப்பாட்டோடு கிடப்பார். அன்றைக்கு ஓர் எறும்பைக்கூட மிதிக்காமல் பார்த்துத்தான் நடப்பார். அப்படிப்பட்ட நாளில் உயிரோடு மட்டி கிண்டுவதா?

சரி, அதைச் சொல்லியிருக்கலாம். என் அம்மாவின் விரதம், வேறொரு நாள் போவோமா என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? மச்சாள் கேட்கவில்லை. எந்த நாளும் சரி என்று முதலில் சொல்லிவிட்டு இப்போது மாறினால் யோஷிகோ மனம் நோகும், விரதத்தைப் பற்றிப் பறை தட்டிக்கொண்டு திரியவும் கூடாது. இப்படி இரண்டு நியாயம் பிடித்துக்கொண்டு, முழங்கால் நோகிறது என்று சொல்லிவிட்டார். விரதம் என்றால் நூறு கேள்வி வருமாம், நோய் வருத்தம் என்றால் ஒருவரும் கேள்வி கேட்க மாட்டார்களாம். யோஷிகோவும் கேட்கவில்லை. அடுத்த நாள், தான் கிண்டி வந்த மட்டியில் ஒரு பை கொண்டுவந்து கொடுத்தார்.

அடுத்த வருஷமும் யோஷிகோ கூப்பிட்டார், அடுத்த வருஷமும் பௌர்ணமி, அடுத்த வருஷமும் முழங்கால். மூன்றாம் வருஷத்துக்குள் மச்சாளின் முழங்கால் சமையற்கூடம் முழுக்கப் பிரசித்தமாகிவிட்டது. யோஷிகோ எங்கிருந்தோ ஒரு முக்காலி கொண்டுவந்து லைனில் போட்டார். ஜப்பானிலிருந்து சூடு பிடிக்கிற பிளாஸ்ரர் வரவழைத்துக் கொடுத்தார். லைனுக்குச் சோற்று வாளி தூக்கி வருவது மச்சாளின் வேலை. இரண்டு கையாலும் தூக்கி மேசையில் கவிழ்க்க வேண்டும், ஒரு ஷிப்டில் எத்தனையோ தடவை. முழங்கால் வருத்தக்காரி தூக்கக் கூடாது என்று யோஷிகோ அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். முதல் நாள் மச்சாள் ஓடிப்போய் வாளியைப் பிடித்தார். யோஷிகோ கையைத் தட்டிவிட்டார். அதோடு அது வழக்கமாகிவிட்டது.

நான் சும்மா இருக்கவில்லை. பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் சண்டை பிடித்தேன். உண்மையைச் சொல்லித் தொலையுங்கோ மச்சாள் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். இவ்வளவு நாள் சொல்லாமல் இருந்துவிட்டு இனிச் சொன்னால் என்ன நினைப்பா என்பார். அடுத்த வருஷம் அதே பேச்சு, இன்னும் ஒரு வருஷம் கூடின கனத்தோடு.

போக விருப்பமில்லை என்றால் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் போக ஆசை. ஆசை என்றால் சின்ன ஆசை இல்லை. இந்த நாட்டில் அவர் கடற்கரைக்குப் போகாமல் இல்லை. கோடை காலத்தில் சொந்தக்காரரெல்லாம் இரண்டு வானில் போவோம். எல்லோரும் தண்ணீரில் இறங்குவோம், மச்சாள் கரையில் புரியாணிச் சட்டிகளுக்குக் காவல். கால் நனைக்க வாருங்கோ என்றால் எனக்கு விருப்பமில்லை என்பார். அது பொய் என்று அங்கே நிற்கிற நாய்க்கும் தெரியும். யோஷிகோ கொடுக்கிற மட்டியைத் தேங்காய்ப்பால் விட்டு வைத்து, அண்ணை முகத்தைச் சுளிக்கச் சுளிக்க, தனியே இருந்து சாப்பிடுவார். சாப்பிட்டுக்கொண்டே என்னிடம் கேட்பார், எவ்வளவு ஆழம் கிண்டுவினம், சேறு குளிருமோ, கையிலை தட்டுப்படேக்கை எப்பிடி இருக்கும் என்று. எனக்கு எப்படித் தெரியும்? நானும்தான் இவருக்குத் துணையாகக் கோவிலில் கஞ்சிக்கு நின்றேன்.

இந்த வருஷம் மாசியில் யோஷிகோ வேலையை விடுவதாகச் சொன்னார். வலது தோள் பழுதாகிவிட்டது. கையைத் தலைக்கு மேலே தூக்க முடியவில்லை, ஊசி போட்டும் சரிவரவில்லை. வசந்தம் முடிய ஜப்பானுக்கே திரும்பித் தங்கையோடு இருக்கப் போகிறாராம். சொல்லிவிட்டு மச்சாளிடம், இது கடைசி முறை, இந்தப் பௌர்ணமிக்கு முழங்கால் எப்படி இருக்கும் என்று சிரித்துக்கொண்டு கேட்டார். மச்சாள் சிரிக்கவில்லை. யோஷிகோவின் தோளையே பார்த்துக்கொண்டு நின்றார். தோள் ஏன் பழுதானது என்று எந்த டொக்டரும் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை, தன் வாளியைத் தூக்கித்தான் என்று அவர் தானே முடிவு கட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு மச்சாள் பட்ட பாடு. கோவில் ஐயரிடம் போய் விரதத்தை ஒரு நாள் தள்ளி வைக்கலாமா என்று கேட்டார். பௌர்ணமியைத் தள்ளி வைக்கிற அதிகாரம் தன்னிடம் இல்லை என்று ஐயர் சொல்லிவிட்டார். அண்ணையிடம் கேட்டார். மட்டி வேண்டுமென்றால் கடையில் வாங்கலாம்தானே, தாயின் விரதத்தில் சேறு அளையப் போவதா என்று அவர் பத்திரிகைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். கரையில் நின்று பார்த்துவிட்டாவது வாருங்கள் என்று நான் சொன்னேன்.

"பாத்துக்கொண்டு நிக்க என்னாலை ஏலாது, கிரிஜா. போனால் கையை வைச்சிடுவன்" என்றார்.

ஆகவே இந்த முறையும் முழங்கால். யோஷிகோ சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். அந்தத் தலையாட்டலைப் பார்க்க எனக்கு மச்சாளின் உண்மையான முழங்காலையே உடைக்கலாம் போல இருந்தது.

பௌர்ணமி அன்று ஆர்ச்வேயில் கஞ்சிக்கு வரிசை வாசல் வரை நின்றது. மச்சாள் அழுத முகத்தோடு நின்றார். பொழுது போகவில்லை, நான் போனில் எசெக்ஸ் பக்கத்துக் கடல் எப்போது வற்றுகிறது என்று தட்டிப் பார்த்தேன். சும்மா ஓர் எரிச்சலில் பார்த்ததுதான். பார்த்தால், கடல் ஆகக் கூட வற்றுவது பௌர்ணமியன்று இல்லை. ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான். போன வருஷத்தைத் தேடினேன், அதற்கு முந்தின வருஷத்தைத் தேடினேன். எல்லா வருஷமும் அப்படித்தான். இத்தனை வருஷமும், விரதமும் முடிந்து கடலும் நன்றாக வற்றிய ஒரு நாள் சும்மா வந்து சும்மா போயிருக்கிறது.

மச்சாளிடம் போனைக் காட்டினேன். அவர் இரண்டு தரம் பார்த்தார். பிறகு, இதை ஏன் முந்தியே பார்க்கவில்லை என்று என்னிடம் கேட்டார். என்னிடம்! கஞ்சிக் கோப்பையோடு நின்ற ஐயரம்மா திரும்பிப் பார்க்கிற அளவுக்கு எனக்குக் குரல் எழும்பிவிட்டது. நாளை மறுநாள் திங்கட்கிழமை, யோஷிகோ இன்னும் இங்கேதான் இருக்கிறார், நாளைக்கே கேளுங்கள் என்றேன்.

"முழங்கால் நோ எண்டு சொல்லிப்போட்டு, திங்கட்கிழமை வாறன் எண்டோ கேக்கிறது?"

"உண்மையைச் சொல்லுங்கோ."

"சொல்லுறதெண்டால் எல்லாத்தையும் சொல்லவேணும்" என்றார் மச்சாள். கஞ்சியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார். எல்லாம் என்று அவர் சொன்னது எதை என்று எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போனோம். யோஷிகோ முதல் நாள் எசெக்ஸுக்குப் போய் வந்த களைப்பில் இருந்தார். வலது கையை வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தார். இடைவேளையில் வழக்கம்போல மட்டிப் பையை மச்சாளின் முன் வைத்தார். உப்புத் தண்ணீரில் இரவு முழுக்க இருட்டில் வைத்து, மண் கக்க விட்டு, கழுவித் துடைத்த மட்டி. மச்சாள் பையைத் தொடவில்லை. தன் இங்கிலீசில் தொடங்கினார்.

அவர் பேசியதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். பௌர்ணமி, அம்மா, விரதம், உயிர் தொடக் கூடாது, நாளைக்குக் கடல் இன்னும் கூட வற்றும். இவ்வளவையும் கையாலும் வாயாலும் சொல்லி முடித்தார். முழங்காலுக்கு ஒன்றுமில்லை, ஒரு நாளும் ஒன்றுமில்லை என்று சொல்லும்போது தன் முழங்காலில் கையால் ஓங்கி அடித்துக் காட்டினார். யோஷிகோ முழுவதையும் கேட்டார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"சோற்று வாளி?"

"தூக்க ஏலும். எப்பவும் தூக்க ஏலும்" என்று மச்சாள் தமிழிலேயே சொல்லிவிட்டார். யோஷிகோவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. சாப்பாட்டுப் பெட்டியை மூடினார், எழுந்தார், லைனுக்குப் போய்விட்டார். அவரது சோற்று உருண்டையில் பாதி அன்று யாருக்கும் வெட்டப்படவில்லை.

பின்னேரம் முழுக்க யோஷிகோ எங்கள் பக்கம் திரும்பவில்லை. மச்சாள் வாளி வருகிற நேரமெல்லாம் ஓடிப்போய்த் தானே தூக்கினார். முக்காலியை ஒரு மூலையில் தள்ளிவிட்டார். லைனில் எல்லோரும் பார்த்தார்கள். பஸ்ஸிலிருந்து இறங்குகிற நேரம் மச்சாள், உன்னால்தான் என்றார். நான் திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அவர் அழுவதைக் கண்டு மூடிக்கொண்டேன்.

இரவுச் சாப்பாட்டு நேரம் எனக்கு யோஷிகோவிடமிருந்து ஒரு மெசேஜ். மச்சாளுக்கு இல்லை, எனக்கு. விடிய ஐந்தரைக்கு வான் வரும், பூட்ஸ் போட்டுக்கொண்டு நில்லுங்கள் என்று மட்டும் இருந்தது. ரோட்டைத் தாண்டிப் போய்க் காட்டினேன். நாளைக்கு ஷிப்டுக்கு வரமாட்டோம் என்று சொல்லவேண்டுமே, என்ன சொல்வது என்று மச்சாள் பதறினார். வயிற்றுக்குத்து என்று சொல்லட்டோ என்று கேட்டார். நான் பார்த்த பார்வையில், சமையற்கூடத்துக்குப் போன் எடுத்து இருவருக்கும் லீவு வேண்டும் என்று மட்டும் சொன்னார், கிடைத்தது. திங்கட்கிழமை ராகுகாலத்துக்கு முன்னர் வெளிக்கிடுவது நல்லதுதான் என்று அண்ணை தன் பங்குக்கு ஆசீர்வதித்தார்.

விடிய மூன்று பேருமாக வானில் போனோம். அவ்வளவு தூரமும் றேடியோ மட்டும் பேசியது. கரைக்குப் போனால் கடலைக் காணவில்லை. கண்ணுக்கு எட்டிய வரைக்கும் ஈரச் சேறும், அதற்கு அங்கால் ஒரு வெள்ளிக் கோடும். யோஷிகோ எங்களுக்கு முன்னால் விறுவிறு என்று நடந்தார். வெகு தூரம் போய் ஓரிடத்தில் நின்று, குந்தி, சேற்றில் பக்கத்தில் பக்கத்தில் இருந்த இரண்டு சின்னத் துளைகளைக் காட்டினார். வாரியை மச்சாளின் கையில் கொடுத்தார். அழுத்தாதே, மெல்ல இழு என்று தன் இடது கையால் மச்சாளின் கையைப் பிடித்துக் காட்டினார். கோபம் ஆறவில்லை என்பது அந்தப் பிடியிலேயே தெரிந்தது.

முதல் மட்டி தட்டுப்பட்டபோது மச்சாள் ஒரு சத்தம் போட்டார். ஐம்பத்தெட்டு வயதுப் பெண்ணிடமிருந்து அப்படி ஒரு சத்தம் நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. சட்டை, முகம், தலை எல்லாம் சேறு. சிறியவற்றைத் திரும்பப் போடச் சொன்னால் போட்டார், மற்றதை வாளிக்குள் சேர்த்தார். இடையில் ஒரு தரம் நிமிர்ந்து, இத்தனை வருஷமும் என்று ஏதோ தொடங்கினார், முடிக்கவில்லை. எனக்கு அதைக் கேட்கப் பொறுக்கவில்லை. ஒரு நாள் தள்ளிக் கேட்டிருந்தால் வருஷத்துக்கு ஒன்றாக இது முழுவதும் கிடைத்திருக்கும். இப்போது கிடைத்தது ஒரே ஒரு காலை, அதுவும் பேசாமல் இருக்கிற சிநேகிதியோடு.

கடல் திரும்பி வருகிறது, போவோம் என்று யோஷிகோ எழுந்தார். மண் கக்க வைப்பதற்காக வாளியில் கடல் தண்ணீரை விட்டார். பாதிக்கு மேல் மட்டி, அதற்கு மேல் தண்ணீர். அதை மச்சாளின் காலடியில் வைத்தார்.

"நீ தூக்கு" என்றார். "முழங்கால் நல்லதுதானே."

மச்சாள் தூக்கினார். கரைக்கு அரை மைல் இருக்கும், சேறு ஒவ்வோர் அடிக்கும் பூட்ஸைப் பிடித்து இழுத்தது. கொஞ்ச தூரம் போய் வைத்தார், கை மாற்றித் தூக்கினார், மறுபடி வைத்தார். வாளியின் கைப்பிடி அவர் உள்ளங்கையில் சிவப்பாகப் பதிந்துவிட்டது. என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பிடிக்கப் போனேன். யோஷிகோ என் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினார். வேண்டாம் என்று தலையாட்டினார். அவர் வெறுங்கையோடு மச்சாளுக்குப் பக்கத்திலேயே, மச்சாள் நின்றால் நின்று, நடந்தால் நடந்து வந்தார். என்ன மனுசி இது என்று எனக்கு யோஷிகோவில்கூட ஆத்திரம் வந்தது.

பாதி வழியில் மச்சாள் வாளியை வைத்துவிட்டு மூச்சு வாங்கினார். யோஷிகோ குனிந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"பாரமா?"

இல்லை என்று சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியும். முப்பது வருஷமாக அந்த வாயை எனக்குத் தெரியும். வாய் அதற்குத்தான் திறந்தது. பிறகு மூடியது.

"ஓம்" என்றார் மச்சாள். "பாரம். சரியான பாரம்."

யோஷிகோ நிமிர்ந்தார்.

"எனக்கும் பாரமாகத்தான் இருந்தது" என்றார்.

பிறகு நல்ல கையால் வாளியின் மற்றப் பக்கத்தைப் பிடித்தார். இருவருமாகத் தூக்கிக்கொண்டு வான் நின்ற கரையை நோக்கி நடந்தார்கள்.